புதுசா வாங்கின பழைய ஹாட் ராட், சூடானதும் ஆஃப் ஆகுது... எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

ரோட்ஸ்டர்32

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப வருஷ ஆசை, ஒருவழியா 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் ஒண்ணு வாங்கிட்டேன். ஒரிஜினல் இரும்பு பாடி இல்ல, ஃபைபர்கிளாஸ் பாடிதான், ஆனா ஹாட் ராடா, அதாவது பழைய காருல பெரிய இன்ஜின் போட்டு மாத்தி, கட்டினதே பல வருஷத்துக்கு முன்னாடி, கட்டின மனுஷன் இப்ப இல்ல, அவர் வீட்டுக்காரங்ககிட்டருந்துதான் வாங்கினேன், அதனால எது எந்த வண்டியிலேருந்து வந்ததுன்னு கேக்க ஆளே இல்ல. வயரிங் படமும் கிடையாது, பில்லும் கிடையாது.

எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: ஷெவர்லே 350 இன்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நாலு பேரல் கார்புரேட்டர், பாயிண்ட்ஸ் (இக்னிஷன் கரண்டை வெட்டி வெட்டி விடற கான்டாக்ட்) வச்ச பழைய டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரிச்சு அனுப்பறது), டேங்க் பக்கத்துல எலக்ட்ரிக் பம்ப். முன்னாடி டிராப் ஆக்சில் டிஸ்க் பிரேக், பின்னாடி டிரம்.

பிரச்சனை என்னன்னா காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது, சத்தமும் அருமையா இருக்கு, சுமார் 20 நிமிஷம் ஓடினதும் மிஸ்ஸிங் ஆரம்பிக்குது, ஆக்சிலரேட்டர் மிதிச்சா டொப் டொப்னு அடிச்சுட்டு ரோட்லயே ஆஃப் ஆயிடுது, அப்புறம் எவ்வளவு செல்ஃப் அடிச்சாலும் எடுக்கறதில்ல, அரை மணி நேரம் சும்மா விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. பார்த்தவங்க எல்லாம் "பெட்ரோல் லைன்ல கொதிக்குது, கார்புரேட்டரை மாத்து"ன்னு சொல்றாங்க. புது கார்புரேட்டர் ஆர்டர் போட்டுடலாமா?

இன்னும் சில்லறை பிரச்சனை இருக்கு. பெட்ரோல் மீட்டர் முள்ளு எப்பவும் ஃபுல்லையும் தாண்டி நிக்குது. இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கி மங்கி எரியுது. கொஞ்ச தூரம் போய் நிறுத்தினா முன் வீல் ரெண்டும் நல்லா சூடா இருக்கு, லேசா கருகின வாடையும் வருது.

---

டைமிங்_லைட்

வாழ்த்துக்கள் முதல்ல. கார்புரேட்டர் ஆர்டர் போடாதீங்க, இப்போதைக்கு எதையுமே வாங்காதீங்க.

சூடானதும் நின்னு ஆறினதும் எடுக்கற வண்டிக்கு பெட்ரோலும் காரணமா இருக்கலாம், கரண்டும் காரணமா இருக்கலாம், ரெண்டுமே வெளியில ஒரே மாதிரிதான் தெரியும். ஆறினப்புறம் வீட்டுக்குக் கொண்டுவந்து செக் பண்ணா எல்லாம் சரியாதான் இருக்கும், ஏன்னா அப்ப அது கெட்டுப்போன நிலைமையிலயே இல்ல. அதனால வண்டி செத்துக் கிடக்கற அந்த சில நிமிஷம்தான் உங்களுக்கு வேலை. ரோட்ல வேணாம், வீட்டு வாசல்லயே ஐடிலிங்ல கொஞ்சம் ரேஸ் வச்சு சூடாக்குங்க, ஆஃப் ஆகற வரைக்கும் காத்திருங்க.

ஆஃப் ஆன உடனே ஏர் கிளீனரைக் கழட்டிட்டு, இன்ஜின் நின்ன நிலையிலயே, கார்புரேட்டருக்குள்ள பார்த்துக்கிட்டே திராட்டில் லிங்கை கையால ஒரு இழு இழுங்க. உள்ள ரெண்டு மெல்லிசான பெட்ரோல் கோடு பீய்ச்சி அடிக்கணும். அடிச்சா ஃப்ளோட் பவுல்ல (கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் நிக்கற கிண்ணம்) பெட்ரோல் இருக்குன்னு அர்த்தம். காய்ஞ்சு கிடந்தா பெட்ரோல் பக்கம்தான் கோளாறு. வேற யாராவது செல்ஃப் அடிக்கும்போது மட்டும் கார்புரேட்டருக்கு மேல முகத்தைக் கொண்டுபோகாதீங்க, பேக்ஃபயர் ஆச்சுன்னா புருவத்தோட போகாது.

அடுத்தது பிளக் வயர் ஒண்ணைக் கழட்டி ஸ்பார்க் டெஸ்டர் மாட்டி, கிளிப்பை இன்ஜின் பிளாக்ல கடிக்க விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. நீலமா பட் பட்டுன்னு அடிச்சா கரண்ட் நல்லா இருக்கு. ஆரஞ்சு கலர்ல நூல் மாதிரி வந்தாலோ வரவே இல்லைன்னாலோ காரணம் இக்னிஷன்தான். அந்த நேரத்துல பக்கத்துல பெட்ரோல் வாடை இருக்கக்கூடாது, ஃபயர் எக்ஸ்டிங்குஷர் கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும்.

இந்த ரெண்டையும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் மத்ததைப் பேசுவோம்.

---

பழைய_வி8

டைமிங் லைட் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா பெட்ரோல் கொதிக்கறதும் சும்மா கதை இல்லீங்க, இப்ப பம்புல வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, குளிர்காலத்துக்குன்னு விக்கறது இன்னும் சீக்கிரம் ஆவியாகும், இந்த எத்தனால் எல்லாம் இந்த வண்டிங்க கட்டின காலத்துல அவ்வளவா இல்லாத விஷயம்.

ஒரு வித்தியாசம் மட்டும் கவனிங்க. நிறுத்தி வச்சப்புறம் சூட்டுல பவுல்ல இருக்கற பெட்ரோல் கொதிச்சு மேனிஃபோல்டுக்குள்ள வழிஞ்சா மறுபடி ஸ்டார்ட் பண்றதுதான் கஷ்டமா இருக்கும், ஓடிட்டிருக்கற வண்டி அதனால நிக்காது. உங்களுது ஓடும்போதே நிக்குது. அதுக்கு லைன்ல ஆவி அடைக்கணும், இல்லைன்னா டேங்க்ல ஏதாவது அடைக்கணும். டேங்க் பக்கத்துலயே எலக்ட்ரிக் பம்ப் இருந்து முன்னாடி தள்ளிக்கிட்டு இருந்தா லைன்ல ஆவி அடைக்கறது ரொம்பக் குறைவு.

அதனால ஆஃப் ஆனதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சுன்னா மூடியில வென்ட் இல்ல, பெட்ரோல் குறையக் குறைய டேங்க்ல வேக்குவம் பிடிச்சு பம்ப் இழுக்க முடியாம நிக்கும். பழைய டேங்க்னா துரு வந்து உள்ள இருக்கற வலையை மூடும், வண்டி நின்னா துரு கீழ இறங்கிடும், ஓடினா மறுபடி ஏறிக்கும், அதுவும் நீங்க சொல்ற மாதிரியேதான் இருக்கும்.

பம்ப் பிரஷரையும் ஒரு கேஜ் போட்டுப் பாருங்க. இந்த மாதிரி நாலு பேரலுக்கு சுமார் 6 பிஎஸ்ஐ போதும். பழைய ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர் வச்சிருக்கறவங்க 3 பிஎஸ்ஐ தாண்டவே விடமாட்டாங்க, உள்ள இருக்கற ஊசி வால்வ் தாங்காது, மேல வழிஞ்சிரும். அப்புறம் ஹெடர் (இன்ஜின்லேருந்து வர்ற எக்ஸாஸ்ட் பைப்) பக்கத்துல கண்ணாடி ஃபில்டர் ஏதாவது மாட்டியிருந்தா இன்னைக்கே கழட்டிடுங்க. பார்க்க அழகா இருக்கும், சூட்டுல அந்த ஜாயின்ட் லூஸ் ஆகி பெட்ரோல் சொட்டினா நேரா சுடற பைப்புமேலதான் விழும். எலக்ட்ரிக் பம்புக்கு ஆயில் பிரஷர் சுவிட்சோ, இடிச்சா கட் ஆகற சுவிட்சோ இருக்கான்னும் தேடுங்க. அது இல்லைன்னா, ஆக்சிடென்ட் ஆகி இன்ஜின் நின்னாலும் பம்ப் பெட்ரோலை அடிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

---

எர்த்_வயர்

பெட்ரோல் மீட்டர், ஹெட்லைட் ரெண்டுக்கும் நான் பதில் சொல்றேன். ரெண்டும் ஒரே வியாதி: ஃபைபர் பாடி.

இரும்பு பாடில பல்ப் ஹோல்டரை எங்க திருகினாலும் பாடி வழியா எர்த் கிடைச்சிடும். ஃபைபர்ல கிடைக்காது, ஒவ்வொண்ணுக்கும் தனி எர்த் வயர் போட்டு ஃபிரேமுக்கோ ஒரு எர்த் பாருக்கோ கொண்டுபோகணும். உங்க இண்டிகேட்டருக்கு சரியான எர்த் இல்லாம ஹெட்லைட் வழியா வழி தேடிக்கிட்டு இருக்கு, அதான் ரெண்டும் சேர்ந்து துடிக்குது. லைட் எரியும்போது மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை லைட்டோட எர்த் பக்கமும் வைங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த எர்த் நல்லா இல்ல. பேட்டரி டிக்கில இருந்தா ஃபிரேம்லேருந்து இன்ஜினுக்கு பட்டையா ஒரு எர்த் ஸ்ட்ராப் இருக்கான்னு பாருங்க, இருந்தாலும் பெயிண்ட் மேலயே திருகியிருப்பாங்க, சுரண்டி வெறும் இரும்பு தெரியற மாதிரி பண்ணிட்டு மாட்டுங்க.

மீட்டர் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது, ஏன்னா டேங்க் சென்டர் (டேங்க்ல பெட்ரோல் எவ்வளவுன்னு மீட்டருக்குச் சொல்ற சாமான்) ஒரு கம்பெனிது மீட்டர் இன்னொரு கம்பெனிதுன்னு ஹாட் ராட்ல கலந்து கட்டியிருப்பாங்க. ஜிஎம் சென்டர் காலியா இருந்தா 0 ஓம், ஃபுல்லுக்கு 90. பழைய ஃபோர்டு அதுக்கு நேர் எதிர், காலிக்கு 73, ஃபுல்லுக்கு 10. தனியா விக்கற மீட்டர் செட் நிறைய 240லேருந்து 33. உங்க முள்ளு ஃபுல்லைத் தாண்டி நிக்குதுன்னா அது 0-90 மீட்டரா இருந்து சென்டருக்கு எர்த் போகலைன்னு நினைக்கிறேன். சாவியை ஆன் பண்ணிட்டு சென்டர் வயரைக் கழட்டி ஃபிரேம்ல தொடுங்க, முள்ளு காலிக்கு இறங்கினா மீட்டர் நல்லா இருக்கு. பெட்ரோல் வாடை இல்லாத இடத்துல வச்சு, டேங்க்லேருந்து தள்ளி தொடுங்க.

---

நாலு_சக்கரம்

யாரும் முன் வீல் சூட்டைப் பத்திப் பேசல, எனக்கு அதுதான் பயமா இருக்கு. நின்னுபோற இன்ஜின் உங்களைக் கொல்லாது, நிக்காத பிரேக் கொல்லும். அதைப் பார்க்காம ரோட்ல எடுக்காதீங்க தயவுசெஞ்சு.

32 ஃபிரேம்ல மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிச்சா பிரேக் ஃப்ளூயிடைத் தள்ளறது) பெரும்பாலும் கால் வைக்கற தரைக்கு அடியில இருக்கும், அதாவது கேலிப்பரைவிட (வீல்ல பேடை வச்சு டிஸ்கைப் பிடிக்கறது) கீழ. ஃப்ளூயிட் பின்னாடி வடிஞ்சு வந்துடாம இருக்க லைன்ல ரெசிடுவல் வால்வ் போடுவாங்க, டிஸ்குக்கு 2 பிஎஸ்ஐ, டிரம்முக்கு 10. டிஸ்க் லைன்ல தெரியாம 10 போட்டுட்டா காலை எடுத்தாலும் பேட் ஒட்டிக்கிட்டே இருக்கும், இழுத்துக்கிட்டே ஓடும், வாடை வரும். வால்வ் மேலயே நம்பர் இருக்கும் இல்லைன்னா கலர் இருக்கும், ஒரு டார்ச் அடிச்சு அடியில பாருங்க.

அது சரியா இருந்தா பெடல் புஷ்ராட்ல லேசா ஃப்ரீ ப்ளே இருக்கணும், ஒண்ணு ஒன்றரை மில்லிமீட்டர் போதும். இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுசா திரும்பாது, ரிட்டர்ன் ஓட்டை மூடியே இருக்கும். வண்டியை ஜாக்கி ஸ்டாண்டுல நிறுத்தி, வீல் இறுகி இருக்கும்போது மாஸ்டர் சிலிண்டர்கிட்ட நட்டை லேசா லூஸ் பண்ணுங்க. வீல் ஃப்ரீ ஆச்சுன்னா கோளாறு அதுக்குப் பின்னாடி, பெடல் பக்கம். ஆகலைன்னா வால்வுக்கு அந்தப் பக்கம் லூஸ் பண்ணிப் பாருங்க, அதுலயும் ஆகலைன்னா ரப்பர் ஹோஸ் உள்ள வீங்கி அடைச்சிருக்கும். வெளியில புதுசு மாதிரியே இருக்கும், நம்பாதீங்க.

டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கற டாட் நம்பரோட கடைசி நாலு இலக்கம் படிங்க, முதல் ரெண்டு வாரம் அடுத்த ரெண்டு வருஷம். மூணே இலக்கம் இருந்தா 2000க்கு முந்தின டயர், பட்டன் எவ்வளவு ஆழமா இருந்தாலும் அதுல ஓட்டக்கூடாது.

---

ரோட்ஸ்டர்32

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல.

வாசல்லயே சூடாக்கிப் பார்த்தேன். ஆஃப் ஆனதும் திராட்டிலை இழுத்தா ரெண்டு கோடும் நல்லா பீய்ச்சுது, கொஞ்சம்கூட குறையல. டேங்க் மூடி திறந்தா சத்தமே இல்ல. ஸ்பார்க் டெஸ்டர்லதான் மாட்டுச்சு, சும்மா மங்கலா ஆரஞ்சு கலர்ல எப்பவாவது ஒண்ணு, அப்புறம் அதுவும் இல்ல. இன்னொண்ணு கவனிச்சேன், இக்னிஷன் காயில் (பேட்டரி கரண்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய பெரிய வோல்ட்டா மாத்தறது) மேல கை வைக்கவே முடியல, இன்ஜின் மேனிஃபோல்டுலேருந்து தள்ளி இருந்தும் அவ்வளவு சூடு. துடைச்சுப் பார்த்தா காயில் மேல வெளி ரெசிஸ்டரோட பயன்படுத்தவும்னு எழுதியிருக்கு, ஆனா ரெசிஸ்டர்னு எதையும் என்னால கண்டுபிடிக்க முடியல.

டயர் நம்பர் நாலு இலக்கம் இருக்கு, ஆனா ரொம்பப் பழசு, மாத்தறேன். பிரேக்கை இனிமேதான் பார்க்கணும்.

---

ஸ்பார்க்_பிளக்

பாயிண்ட்ஸைத் தூக்கிப் போட்டுட்டு எச்இஐ (பாயிண்ட்ஸே இல்லாத எலக்ட்ரானிக்) டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டிடுங்க ப்ரோ, ஒரே வேலையில முடிஞ்சுது.

---

டைமிங்_லைட்

எச்இஐ நல்ல சாமான்தான், நான் குறை சொல்லல. ஆனா அதோட கேப் ரொம்பப் பெருசு, ஷெவி இன்ஜின்ல டிஸ்ட்ரிபியூட்டர் பின்னாடி ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உள்ள உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) ஒட்டி இருக்கும், 32 பாடில நிறைய வண்டிக்கு அது இடிக்கும், ஃபயர்வாலை உள்ள குழி வெட்டித்தான் மாட்டியிருப்பாங்க. எச்இஐக்கு முழு 12 வோல்ட்டும் தடிமனான வயரும் வேணும். முதல்ல இருக்கறது ஏன் சாகுதுன்னு பிடிச்சிடலாம், ஏறக்குறைய பிடிச்சாச்சு.

ரோட்ஸ்டர், காயில் ரெண்டு வயரையும் கழட்டிட்டு பிளஸ் மைனஸ் நடுவுல ஓம்ஸ் பாருங்க. மீட்டர் முனை ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டாலே 0.3, 0.4ன்னு ஏதாவது காட்டும், அதைக் கழிச்சுக்குங்க. 3 ஓம் கிட்ட வந்தா ரெசிஸ்டர் இல்லாம ஓட்டலாம். 1.5 கிட்ட வந்தா வெளியில ரெசிஸ்டர் கட்டாயம். இன்ஜின் ஓடும்போது லைன்ல 14 வோல்ட் இருக்கும், 1.5 ஓம்ல பாயிண்ட் மூடியிருக்கற நேரம் 9 ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரோட 3 ஓம் ஆச்சுன்னா அதுல பாதி. இத்தனை நாளா ரெட்டிப்பு கரண்ட் குடிச்சிட்டிருக்கு அந்தக் காயில், சூடு ஏறினா உள்ள சுத்து விரிஞ்சு கான்டாக்ட் போகுது, ஆறினா ஒட்டிக்குது. ரீவயரிங் பண்ணின யாரோ, பழைய ரெசிஸ்டர் வயரை எடுத்துட்டு சாதா வயர் இழுத்திருக்காங்க. இந்த வண்டிங்கள்ல இது அடிக்கடி பார்க்கறது.

வோல்ட்டும் பாருங்க, ஆனா பாயிண்ட் மூடியிருக்கணும், திறந்திருந்தா ரெசிஸ்டர் இருந்தாலும் இல்லைன்னாலும் 12தான் காட்டும். மூடின நிலையில காயில் பிளஸ்ல 6லேருந்து 9 வரைக்கும் இருந்தா ரெசிஸ்டர் எங்கயோ இருக்கு, 12 இருந்தா இல்ல. பார்த்த உடனே சாவியை ஆஃப் பண்ணிடுங்க.

---

ரோட்ஸ்டர்32

1.5 ஓம். பாயிண்ட் மூடி வச்சு 12 வோல்ட்டுக்கு மேல. கேப்பைத் திறந்து பார்த்தா பாயிண்ட் ரெண்டும் ஊதாவும் கறுப்புமா கருகி, ஒரு பக்கம் குழி மறுபக்கம் மேடு.

---

டைமிங்_லைட்

அப்ப முடிவு ஆயிடுச்சு. காயில் இனிமே நம்பறதுக்கில்ல, புதுசு போடுங்க. 3 ஓம் காயில் வாங்கினா ரெசிஸ்டரே வேணாம், உங்க வண்டிக்கு இதுதான் சுலபம். 1.5 தான் வேணும்னா செராமிக் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டு, ஸ்டார்டர் சாலனாய்டுல இருக்கற "ஆர்" டெர்மினல்லேருந்து காயில் பிளஸுக்குத் தனி வயர் இழுக்கணும், செல்ஃப் அடிக்கும்போது முழு வோல்ட் கிடைக்கறதுக்கு. ரெசிஸ்டர் நல்லா சுடும், ஃபைபர் ஃபயர்வால்ல நேரா திருகாதீங்க, இரும்புத் தகடு வச்சு அது மேல மாட்டுங்க.

பாயிண்ட்டும் கண்டென்சரும் (பாயிண்ட் பொறி அடிச்சு கருகாம காக்கறது) சேர்த்து மாத்துங்க. டிஸ்ட்ரிபியூட்டர்ல சின்ன ஜன்னல் இருக்கற டெல்கோ மாடல்னா, இன்ஜின் ஓடும்போதே 8ல 1 இன்ச் ஆலன் கீயை அந்த ஜன்னல் வழியா விட்டு வலது பக்கம் மெதுவா திருகிட்டே போங்க, மிஸ்ஸிங் ஆக ஆரம்பிச்சதும் அரை சுத்து திருப்பி வைங்க, டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கற கோணம்) 30 டிகிரி பக்கத்துல வந்து நிக்கும். எவ்வளவு அழகான யோசனை அது, மீட்டரே இல்லாம காதால வைக்கலாம். இதை முடிச்சப்புறம்தான் டைமிங், அதாவது ஸ்பார்க் எப்ப அடிக்கணும்ங்கறது. டுவெல் மாறினா டைமிங்கும் நகரும், மாத்தி செஞ்சா ரெட்டை வேலை. வேக்குவம் குழாயைக் கழட்டி அடைச்சுட்டு, 3000 ஆர்பிஎம்ல மொத்தம் 34லேருந்து 36 டிகிரிக்குள்ள வச்சுக்குங்க.

பெட்ரோல் பக்கம் எதையும் இப்ப தொடாதீங்க. ஒண்ணு மாத்தி ஓட்டிப் பார்த்துட்டு அடுத்தது.

---

ரோட்ஸ்டர்32

3 ஓம் காயில், பாயிண்ட்ஸ், கண்டென்சர் மூணும் மாட்டியாச்சு. வாசல்ல ரொம்ப நேரம் ஓடவிட்டேன், மிஸ்ஸிங் வரவே இல்ல, காயிலைக் கையால பிடிக்க முடியுது. நீலமா ஸ்பார்க் அடிக்கறதைப் பார்த்தப்ப எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியல.

சென்டருக்கு எர்த் வயர் போட்டதும் முள்ளு பாதிக்கு இறங்கிடுச்சு, லைட்டுக்கும் தனித்தனியா இழுத்துட்டேன். பிரேக்ல நாலு சக்கரம் சொன்னது அப்படியே இருந்துச்சு, முன் லைன் பின் லைன் ரெண்டுலயும் 10 பிஎஸ்ஐ வால்வ். புதுசுக்கு சொல்லியிருக்கேன், அது வர்ற வரைக்கும் வண்டி ஸ்டாண்டுலதான்.

ஒரே ஒரு சந்தேகம், நின்னுக்கிட்டே ஓடும்போது டெம்பரேச்சர் 210 வரைக்கும் ஏறுது, இது ஆபத்தா?

---

பழைய_வி8

210 டிகிரி ஃபாரன்ஹீட்ல நின்னு அதுக்கு மேல ஏறலைன்னா பயப்பட வேணாம். நிக்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினா காத்து போதலைன்னு அர்த்தம், ஃபேனுக்கு ஷ்ரௌட் (ஃபேனைச் சுத்தி இருக்கற கூடு) இருக்கான்னும், எலக்ட்ரிக் ஃபேன்னா காத்தை இன்ஜின் பக்கம் இழுக்குதா இல்ல வயர் மாறி எதிர்ப்பக்கம் தள்ளுதான்னும் பாருங்க, ஒரு பேப்பரை கிரில் முன்னாடி பிடிச்சா போதும். ஓடும்போது ஏறினாத்தான் ரேடியேட்டர் அடைப்பு, கீழ் ஹோஸ் ஒட்டிக்கறது அந்தப் பக்கம் தேடணும்.

---

நாலு_சக்கரம்

ஸ்டாண்டுல நிறுத்தினதுக்கு நன்றி, மனசு நிம்மதியா இருக்கு. டிஸ்க் லைன்ல 2, டிரம் லைன்ல 10, மாத்தி மாட்டிடாதீங்க. லைனைத் திறக்கறீங்கல்ல, அப்படியே பழைய ஃப்ளூயிடை முழுசா வெளியேத்திட்டு புது டாட் 3 பிரேக் ஃப்ளூயிட் ஊத்துங்க, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், ரொம்ப நாள் நின்ன வண்டில எவ்வளவு தண்ணி சேர்ந்திருக்கோ தெரியாது. கேலிப்பர் பிஸ்டன் சூட்டுல காஞ்சு இறுகியிருக்கான்னு பேடைக் கழட்டி ஒரு தடவை தள்ளிப் பாருங்க, பேட் மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா அதுவும் மாத்தணும்.

டயர் மாத்தும்போது வீலைக் கழட்டுவீங்க, அப்ப முன் ஆக்சில் பக்கம் குனிஞ்சு ரெண்டு போட்டோ எடுத்துப் போடுங்க. ஸ்டியரிங்கோட டை ராட், டிராக் லிங்க் நட்டு ஒவ்வொண்ணுலயும் காட்டர் பின் (நட்டு கழண்டுடாம குத்தற பின்) இருக்கான்னு நான் பார்க்கணும்.